இஸட், ஒய், எச்

ஈரோட்டு நோயாளி ஒருவர் இறந்துபோன செய்தி சுற்றறிக்கையாக வந்த அன்று காலையில் டாக்டர் இம்மானுவேல் தமயந்தியின் அறைக்கே வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர் யார் அறைக்கும் போகிறவர் இல்லை.

"படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்."

"அவரோட பையன் ஏதோ இங்கிலீஷ் வார்த்தைப் போட்டிக்குத் தயார் பண்ணிட்டு இருந்திருக்கான். சத்தம் போட்டுப் படிச்சிருக்கான். அப்பா பக்கத்துல உக்காந்து இட்லி சாப்பிட்டிருக்கார். அதுல ஒரு வார்த்தை அவரோட வார்த்தை. பாதித் தட்டுல எந்திரிச்சுப் போனவர்தான். தண்டவாளத்துலதான் கெடைச்சார்."

அது தமயந்தி தேர்ந்தெடுத்த சொல் இல்லை. ஆனால் அவளும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறாள்.

"நாம என்ன நினைச்சோம்? உலகத்துல யாரும் பேச்சுல பயன்படுத்தாத வார்த்தையா பாத்து எடுத்தா பத்திரம்னு நினைச்சோம். அந்த மாதிரி வார்த்தையை மட்டும்தான் போட்டில கேக்கறாங்க. நாம பூட்டுக்காகத் தேடறதையே அந்தப் பசங்க கோப்பைக்காகத் தேடறாங்க. இது நமக்கு ஏன் தோணலை?"

"நம்ம யார் வீட்டுலயும் அந்த மாதிரி பிள்ளைங்க இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. "இனிமே பரிசோதனைக்கு வர்ற ஒவ்வொரு குடும்பத்துலயும் கேளுங்க. பிள்ளைங்க நீள வார்த்தை ஏதாவது படிக்குதான்னு. படிச்சா அகராதியைப் பிடுங்கணும், பிள்ளையைக் கொஞ்ச நாள் வேற வீட்டுல விடணும். பூட்டு திறந்திருக்கும்னு லேசாச் சந்தேகம் வந்தாலும் அன்னைக்கே திரும்பப் பூட்டிடணும். இனி ஒரு சாவு வந்தா இந்த இடத்தை இழுத்து மூடிருவாங்க."

நினைவை அழிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தமயந்திக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது. மூடி வைக்கத்தான் முடியும். மூடினாலும் ஒரு வழி விட்டு வைக்க வேண்டும். வழியே விடாமல் மூடப்பட்ட ஆரம்பகால நோயாளிகளின் மூளை தானாகவே வழி தேடி நாசமாகிப் போனது. அந்த வழிதான் ஒரு சொல். அதைக் காதால் கேட்டால் பூட்டு திறந்துகொள்ளும். கேட்காதவரை, மூடப்பட்டது நடக்கவே இல்லை.

தமிழ்ச் சொல்லை வைத்துப் பார்த்தார்கள். சந்தைக் கூச்சலில், தொலைக்காட்சியில், எங்கோ இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்துவிட்டன. அதனால் நீளமான ஆங்கிலச் சொல். அதிலும் எந்தச் சொல்லும் எல்லோருக்கும் பொருந்தாது. ஆளுக்கு ஆள் மூளை சில ஒலிகளைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பரிசோதனையில் மூன்று எழுத்துகள் கிடைக்கும். அந்த மூன்றும் உள்ள, நீளமான, யாரும் பேசாத ஒரு சொல்லைத் தமயந்தி தேட வேண்டும். சிகிச்சையின்போது நோயாளியின் காதருகே குனிந்து ஒரே ஒரு தடவை அதைச் சொல்ல வேண்டும். டாக்டர்கூட அப்போது வெளியே போய்விடுவார். இந்தப் பூட்டுகள் வந்த பிறகு, எழுத்தைக் கொடுத்தால் சொல்லைத் தேடித் தருகிற இணையதளங்கள் அத்தனையையும் அரசாங்கம் தடை செய்துவிட்டது.

முதலில் போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு என்றார்கள். பிறகு விபத்தில் தப்பியவர்களுக்கு. இப்போது பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள்தான் அதிகம் வருகிறார்கள். பூட்டின பிறகு அவர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். வீட்டில் இருக்கிற மற்றவர்கள்தான் படங்களை எரித்து, துணிகளை யாருக்காவது கொடுத்து, போனவரின் பெயர் வாயில் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். சொல் இல்லாமல் வெளியிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னால், பூட்டியவருக்குக் கண் சொருகிக்கொண்டு வலிப்பு வரும். ஊரில் அந்த வீடுகளுக்குப் பூட்டு வீடு என்று பெயர். அங்கே விருந்துக்குப் போகிறவர்கள் வாயைத் திறக்குமுன் யோசிப்பார்கள். பிறகு போவதையே நிறுத்திவிடுவார்கள்.

அன்று மதியத்துக்கு முன் வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தது பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம். பூபதி தேங்காய் லோடு லாரி ஓட்டுகிறவர். அவருடைய மனைவி சங்கவி. மகள் வர்ணிகா. வர்ணிகாவுக்கு ஒரு தம்பி இருந்தான், மிதுன். வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் ஒரு மத்தியானம் போனவன். அதற்குப் பிறகு சங்கவி இரண்டு தடவை சாகப் பார்த்தாள். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே தூக்கிக்கொண்டு வந்தார் பூபதி.

"வணக்கங்க மேடம். லாரியைக்கூட நிறுத்திப்போடலாமாட்ட இருக்குது, உங்க ஊர்ல ஒரு காரை நிறுத்தறதுக்குள்ள உசுரு போயிருதுங்க," என்றபடி பூபதி உள்ளே வந்தார். அவர் வந்தால் அறையில் மற்ற யாரும் பேச வேண்டியதில்லை. தேங்காய் விலை, மழை, போன வாரம் மாற்றிய டயர் எல்லாம் வந்தது. பிறகு மகளின் தலையில் கை வைத்தார்.

"அம்மிணி இப்ப இங்கிலீசுல பெரிய ஆளாயிட்டாங்க மேடம். ஒவ்வொரு வார்த்தையும் எங்க வண்டி நீளத்துக்கு இருக்குது. பாதிக்குப் போறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குதுங்க."

தமயந்தி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"எதுக்குப் படிக்கறா?"

"ஏதோ போட்டிங்களாம். சாயங்காலமாச்சுன்னா அவங்கம்மா தேங்காப் பருப்பு எடுக்கற எடத்துல போய் உக்காந்துக்குவா. தலகாணித் தண்டிக்கு ஒரு அகராதி. பள்ளிக்கூடத்து அலமாரில பூச்சி அரிச்சுக் கெடந்துதாம். நீயே வெச்சுக்கன்னு வாத்தியார் குடுத்துட்டாராம்."

"எனக்கு ஒண்ணும் புரியறதில்லீங்கக்கா," என்று சங்கவி சிரித்தாள். "வேலை செய்யறப்ப ஒரு சத்தம் கேட்டுட்டே இருந்தா நல்லா இருக்குதுங்க."

அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்தில் புது மணி. தமயந்தி வருடாந்திரக் கேள்விகளை ஆரம்பித்தாள். தூக்கம் வருகிறதா, தண்ணீரைப் பார்த்தால் பயமா, காரணம் தெரியாமல் அழுகை வருகிறதா. எல்லாவற்றுக்கும் நல்ல பதில்களாக வந்தன.

"குழந்தைங்க எத்தனை பேர்?"

"ஒரே பொண்ணுதானுங்க."

ஒவ்வொரு வருடமும் அந்தக் கேள்வியின்போது பூபதி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவார். இந்த வருடமும் போனார். வர்ணிகா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனைக்கென்று பெரியவர்கள் இருவரையும் கீழே அனுப்பிவிட்டுத் தமயந்தி கதவைச் சாத்தினாள்.

"என்ன போட்டி வர்ணிகா?"

வர்ணிகா செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க பள்ளிக்கூடத்துல வெக்கறதா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"சரி, ஒரு வார்த்தை சொல்லு. நானும் கேக்கறேன்."

"ஃபோட்டோசிந்தசைஸ்."

"இன்னொண்ணு?"

"மிதாலஜைஸ்." கொஞ்சம் நிறுத்தி, "டீஹைட்ரோஜனைஸ்."

தமயந்திக்கு எழுதிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இத்தனை வருடமாக அவள் சொற்களை அப்படித்தான் பார்க்கிறாள், கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்க்கிற மாதிரி, உள்ளே இருக்கிற எலும்போடு. மூன்றிலும் இஸட் இருந்தது. மூன்றிலும் ஒய் இருந்தது. மூன்றிலும் எச் இருந்தது.

"அம்மாவோட அட்டையைப் பாத்தியா?"

பூட்டியவர்கள் எல்லோரிடமும் ஒரு அட்டை இருக்கும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் காட்டுவதற்கு. அதில் அவர்களுடைய மூன்று எழுத்துகளும் அச்சடித்திருக்கும். அதை அச்சடிக்கலாமா என்று கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. தமயந்தியும்தான். எழுத்தைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்துவிட முடியும்? தேடித் தருகிற தளங்களும் இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட யாருக்குப் பொறுமை இருக்கும் என்று நினைத்தார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லிருவீங்களா ஆன்ட்டி?"

"எதுக்குத் தேடறேன்னு மொதல்ல சொல்லு."

வர்ணிகாவின் குரல் சின்னதாக வந்தது.

"மிதுனைப் பத்தி எங்க வீட்டுல யாருமே பேசக்கூடாது. போட்டோ எல்லாத்தையும் அப்பா எரிச்சுட்டாங்க. நீங்கதான் எரிக்கச் சொன்னீங்களாம். நான் தோப்புக்குள்ள போய் அவன் பேரைச் சொல்லிப் பாப்பேன். சும்மா, சத்தம் எப்படி இருக்குதுன்னு. இப்ப அவன் மூஞ்சி சரியா வர மாட்டேங்குது. கன்னத்துல ஒரு மச்சம் இருக்கும். எந்தக் கன்னம்னு தெரியலை. ரெண்டு பக்கமும் வெச்சுப் பாத்தா ரெண்டுமே சரியா இருக்கற மாதிரி இருக்குது."

"ம்."

"அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கே தெரியாம அம்மாவுக்குள்ள இருக்குது. நானும் மறந்துட்டா அப்புறம் அவன் எங்கயுமே இல்லைல்ல?"

"பூட்டு திறந்தா அம்மாவுக்கு என்ன ஆகும்னு தெரியுமா கண்ணு?"

"அழுவாங்க."

"அழுகையோட நிக்காது."

"நான் கூடவே இருப்பேன் ஆன்ட்டி. அப்ப நான் சின்னப் பொண்ணு, என்னை அத்தை வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டாங்க. இப்ப நான் பாத்துக்குவேன்." பிறகு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே அந்த வார்த்தையைத் தேடினீங்க? எனக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தமயந்தி மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தாள்.

"எதுவரைக்கும் தேடிட்டே?"

"ஆர்-ல இருக்கேன். ஏ-ல இருந்து வரிசையா வர்றேன். ஜி, எச் ரெண்டும் போன மழைக்காலத்துல முடிஞ்சுது. எச்-லதான் நெறைய. எம் கோடை லீவுல முடிச்சேன்."

"நடுவுல எதையாவது விட்டிருப்பியே."

"ஒண்ணும் விடலை ஆன்ட்டி. கீழே பொடி எழுத்துல இருக்கறதையும் சொல்லுவேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாட்டி மூணு மாதிரி சொல்லிப் பாப்பேன். ஒவ்வொண்ணும் சொல்லிட்டு அம்மா மூஞ்சியப் பாப்பேன்."

சங்கவியின் சொல் எச்-சில் தொடங்குவது. தமயந்தி அதை மறக்கவில்லை, எந்தச் சொல்லையும் அவள் மறந்ததில்லை. போன மழைக்காலத்தில் அந்தச் சொல் தேங்காய்க் களத்தில், ஒரு குழந்தையின் வாயில், மூன்று விதமாக ஒலித்திருக்கிறது.

கதவைத் தட்டிவிட்டுச் சங்கவி உள்ளே வந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு. "அவரு மருந்துக் கடையில நிக்கறாருங்க. கூட்டமா இருக்குது."

"வர்ணிகா, நீ வெளியில பெஞ்சுல உக்காரு."

அவள் போனாள். கதவு சாத்திய பிறகும் சங்கவி நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருங்க. ஒரு கேள்வி திரும்பக் கேக்கணும். குழந்தைங்க எத்தனை பேர்?"

சங்கவி கதவைப் பார்த்தாள். "அவ எந்த எழுத்துல இருக்கான்னு சொல்லிட்டாளுங்களா?"

"ஆர்."

"ஆமாங்க, ஆர்." பஞ்சை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருங்கக்கா. வர்ணிகா, மிதுன்."

பூட்டிய ஒருவரின் வாயில் அந்தப் பெயர் வராது. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கப் போனவள் மாதிரி.

"எப்ப?"

"மழை விட்ட ஒரு சாயங்காலமுங்க. நான் தேங்காத் தொட்டியில இருந்து பருப்பை நெம்பிட்டு இருந்தேன். அவ ஏதோ ஒண்ணு ஒடைச்சு ஒடைச்சுச் சொன்னா. எந்த வார்த்தைன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. மொதல்ல தண்ணிச் சத்தம் வந்துச்சு. எங்க வாய்க்கா இப்பத்தான் ஓட ஆரம்பிச்ச மாதிரி. அப்புறம் அவனோட பச்சை டவுசர். அப்புறம் எல்லாம். கத்தி உள்ளங்கையில எறங்கிருச்சு. அவ பயந்துபோய் என் மூஞ்சியப் பாத்தா. ஒண்ணுமில்ல சாமி, கை வழுக்கிருச்சு, அடுத்த வார்த்தை சொல்லுன்னேன்."

"சொன்னாளா?"

"சொன்னா. கையில துணியச் சுத்திவிட்டுட்டு, அடுத்ததைச் சொன்னா."

தமயந்தி அவள் கையைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். "உடனே எங்ககிட்ட வந்திருக்கணும் சங்கவி."

"வந்தா என்ன செய்வீங்க?"

அதற்குத் தமயந்தியிடம் பதில் இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.

"திரும்பப் பூட்டுவீங்க," என்றாள் சங்கவி. "ஒருக்கா தெறந்தது ரெண்டாவது தடவை சின்னதா மூடாதுங்களாம், அகலமா எடுத்து மூடணுமாம். எங்க பக்கத்து ஊர்ல ஒருத்திக்குச் செஞ்சாங்க. பெத்த மகனை, நீ யார் வீட்டுப் பையன்னு கேக்கறா. மிதுன் கூடவே சுத்திட்டு இருந்தது யாருங்க? அவன் நெனப்பு இருக்கற எடத்துல எல்லாம் இவளும் நிக்கறா. அவனை எடுத்தா இவளும் கூடவே வந்துருவா. அதனாலதானுங்க வரலை."

"இன்னிக்குக் காலையில ஒரு செய்தி வந்தது. உங்களை மாதிரித் திறந்துபோன ஒருத்தர்." தமயந்தி முழுவதும் சொன்னாள், தண்டவாளம் வரைக்கும். "உங்களுக்கு அந்த நினைப்பு வரலைன்னு நான் எப்படி நம்பறது?"

"வராம இருக்குமுங்களா? வந்துச்சு. இப்பவும் வருது, குளிக்கறப்ப வருது, அரிசி களையறப்ப வருது." சங்கவி பஞ்சைக் கைக்குள் உருட்டினாள். "ஆனா நான் செத்தா அவ என்னங்க நெனப்பா? நாமதான் கொன்னுட்டோம்னு நெனப்பா. அன்னிக்கு என்ன வார்த்தை சொன்னோம்னு தேடுவா. கெட்டிக்காரி, கண்டுபிடிச்சும் போடுவா. அதை நெனச்சுத்தான் எந்திரிச்சு வேலையப் பாக்கறேனுங்க."

"அவகிட்டயாவது உண்மையைச் சொல்லிடலாமே. பாவம், அது தனியாக் கெடந்து தவிக்குது."

"சொன்னா அதையும் அவதானுங்க சுமக்கணும். அவங்க அப்பாகிட்ட மறைக்கணும், உங்ககிட்ட மறைக்கணும், பள்ளிக்கூடத்துல பூட்டு வீட்டுப் புள்ளைங்களைத் தனியாக் கூப்பிட்டு வெச்சுக் கேக்கறாங்களே, அவங்ககிட்ட மறைக்கணும். பதினோரு வயசு. ஒரு நாள் வாய் தவறினாப் போதும். அவருக்குத் தெரிஞ்சா அந்த நிமிசமே என்னை வண்டியில ஏத்திட்டு வந்துருவாரு. என்னையக் காப்பாத்தறதுக்குன்னுதான் வருவாரு. பயந்த மனுசனுங்க அவரு. பேசிட்டே இருக்கறது அதுக்குத்தான்."

கீழே வாகன நிறுத்துமிடத்தில் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். சங்கவி அது ஓயும்வரை இருந்தாள்.

"இனி கொஞ்ச எழுத்துதானுங்க இருக்குது. இஸட் முடிஞ்சதுன்னா அவ என்ன செய்வா? தேடி ஆகலைன்னு விட்டுருவா. விட்டுட்டா, அவனையும் விட்டுருவா." அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "சாயங்காலம் அவ ஒவ்வொரு வார்த்தையும் சொல்லிட்டு என்னைப் பாப்பா. அவன் வர்றானான்னு பாக்கறா. நானும் அவனைத்தான் நெனச்சுட்டு இருப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அவனையே நெனச்சுட்டு இருப்போம். எங்க வீட்டுல அந்நேரம் மட்டும்தானுங்க அவன் இருக்கறான். அவளுக்கு வேற எழுத்து குடுங்கக்கா. நீங்க சொன்னா நம்புவா."

"அந்தப் புள்ளையோட வயசை நாம தின்னுட்டு இருக்கோம், தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"வாயைக் கட்டிக்கற வயசு வர்ற வரைக்கும். அப்ப நானே சொல்லுவேன். சொல்லி அவ கால்ல விழுவேன்."

தமயந்தி எதிரே இருந்த படிவத்தைப் பார்த்தாள். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இவள் நாளைக்கு அந்த வாய்க்காலில் விழுந்தால் அந்தக் கையெழுத்துதான் முதலில் எடுக்கப்படும். இவளைத் திரும்பப் பூட்டினால், அடுத்த வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, யாருமில்லை என்று சொல்வாள். நல்ல பதில் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

"மிதுனுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?"

"வலது கன்னமுங்க. காதோரமா." சட்டென்று நிறுத்தினாள். "ஏனுங்க கேக்கறீங்க?"

தமயந்தியின் கண் கதவுப் பக்கம் போனது.

"அவ கேட்டாளா?"

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போது குனிந்து, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் அசைந்தது. வெளியே பெஞ்சுக்குக் கேட்டுவிடக் கூடாது. சிறிது நேரத்தில் தானே எழுந்து, மூலையில் இருந்த குழாயில் முகத்தைக் கழுவி, மூக்குத்தியைச் சரிசெய்து, கண்ணாடியில் தன் கண்களை ஒரு வேலையைச் சரிபார்ப்பது போலப் பார்த்தாள். பழக்கப்பட்ட வேலை என்று தெரிந்தது.

மேசையில் இருந்த போன் அடித்தது. டாக்டர் இம்மானுவேல்.

"அந்தப் பொள்ளாச்சி கேஸ் முடிஞ்சுதா? வீட்டுல படிக்கற பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு இருக்கா சார்."

"போட்டி கீட்டி ஏதாவது?"

"எந்தப் போட்டிக்கும் போகலை சார். கேட்டுட்டேன்."

"நல்லது. பூட்டு?"

சங்கவி குழாயடியில் அசையாமல் நின்றாள்.

"கெட்டியா இருக்கு சார்."

தமயந்தி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வர்ணிகா பெஞ்சின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தண்டனையைக் கேட்க வந்தவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"அம்மாவைத் திரும்பப் படுக்க வெக்கப்போறீங்களா?"

"இல்லை."

"அகராதியைப் பிடுங்கிக்குவீங்களா?"

"இல்லை. உக்காரு." தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சொல்றதை அப்பாகிட்டச் சொல்லக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது. அந்த அட்டையில இருக்கறது நிஜமான எழுத்து இல்ல. யாராவது தேடுவாங்கன்னுதான் மாத்தி அச்சடிக்கறோம்."

வர்ணிகாவின் முகத்தில் உடனே எதுவும் நடக்கவில்லை. பிறகு உதடுகள் லேசாக அசைந்தன. கோடை லீவு, போன மழைக்காலம், அதற்கும் முன்னால். எல்லாவற்றையும் அவள் பின்னாலிருந்து கூட்டிக்கொண்டு வருவது தெரிந்தது.

"அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"அதுல அந்த வார்த்தை இல்லை."

"மறுபடி ஏ-ல இருந்தா?"

"ஏ-ல இருந்துதான்."

"நிஜ எழுத்து என்னன்னு சொல்லுவீங்களா? வார்த்தையைச் சொல்ல வேண்டாம். எழுத்து மட்டும்."

இத்தனை வருடமாகத் தமயந்தி அரிதான சொற்களையே தேடிவந்திருக்கிறாள். சில சொற்களுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். முதல்முறையாக அவள் எதிர்ப்பக்கம் தேடினாள். பக்கத்துக்குப் பக்கம் கொட்டிக் கிடக்கிற எழுத்துகளை, ஒருவராலும் முடிக்க முடியாதவற்றை.

"ஏ. ஈ. எஸ்."

வர்ணிகா கண்ணை மூடித் தலைக்குள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். கெட்டிக்காரிதான். மூடிய கண்களுக்குக் கீழே விழிகள் இடமும் வலமும் ஓடின. திறந்தபோது அதில் கொஞ்சம் பயம் இருந்தது.

"ஆன்ட்டி, இது முக்கால்வாசி வார்த்தையில வருமே."

"ரொம்ப வரும்."

படிக்கட்டுப் பக்கமிருந்து பூபதி மருந்துப் பையை ஆட்டிக்கொண்டு வந்தார். "அம்மிணி, கெளம்பலாமா? இப்பப் பொறப்பட்டாத்தான் பொழுது சாயறதுக்குள்ள போலாம்." அறையிலிருந்து சங்கவி வெளியே வந்து, மகளின் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

வர்ணிகா இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். தமயந்தியின் காதருகே எம்பி, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"பரவால்ல ஆன்ட்டி. நான் இன்னும் ஆறாவதுதானே படிக்கறேன்."